நாற்பது நாள் கழித்து ஒரு சோதனை

சில வாரங்களுக்கு முன்பு காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். "பிள்ளை பெற்ற வீட்டில் உங்கள் அம்மாவோ மாமியாரோ என்ன சமைத்துக் கொடுத்தார்கள்?"

வழக்கமாகப் போக்குவரத்து நெரிசலையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. பத்தே நிமிடத்தில் செய்திகள் வந்து குவிந்தன. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, மிளகு ரசம், நாட்டுக்கோழி சூப்பு, சுட்ட கருவாடு. ஈசூனிலிருந்து ஒரு பாட்டி, தாம் கைப்பட இடித்துச் செய்யும் பிரசவ லேகியத்தின் சேர்மானத்தைக் குரல்பதிவாகவே அனுப்பிவிட்டார். கடைசிப் பொருளைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டுவிடக் கூடாதாம்.

இடையில் வந்த ஒரு செய்தி மட்டும் வேறு மாதிரி இருந்தது. "மாசமா இருந்தப்போ எனக்குச் சர்க்கரை இருந்துச்சு. குழந்தை பிறந்ததும் போயிடும்னு வீட்டுல சொன்னாங்க. ஆறு வாரம் கழிச்சு டெஸ்டுக்கு வரச் சொன்னாங்க, கைக்குழந்தையோட போக முடியல. இப்ப பிள்ளைக்கு ரெண்டு வயசு. போயிருக்கும்தானே அக்கா?"

அதை நான் வானொலியில் வாசிக்கவில்லை. இரண்டு பாட்டுகளுக்கு இடையில் கிடைக்கும் முப்பது வினாடியில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள் என்று தனியாகப் பதில் அனுப்பினேன். ஆனால் அந்த "தானே அக்கா?" என்னோடு வீடு வரைக்கும் வந்தது. எங்கள் வீட்டில் அம்மா, பெரியம்மா, தாய்மாமா எல்லாருக்கும் சர்க்கரை உண்டு. குளிர்பதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் இன்சுலின் இருப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

நான் படித்தது ஊடகத்துறை, மருத்துவம் அல்ல. கேள்வி கேட்கவும் தேடிப் படிக்கவும் அந்தப் படிப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படித் தேடிப் போனபோது, அந்த நேயரின் கேள்விக்கான பதில் நம் ஊரிலேயே, தேக்காவுக்கு எதிரிலேயே கிடைத்தது. அதை நமக்குத் தந்தவர்கள் சிங்கப்பூர்த் தாய்மார்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

எருமைத் தொழுவத்திலிருந்து

தேக்கா சந்தையிலிருந்து புக்கிட் தீமா சாலையைக் கடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. 'கேகே' என்பது 'கண்டாங் கெர்பாவ்' என்பதன் சுருக்கம். மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். லிட்டில் இந்தியா ஒரு காலத்தில் மாடுகளும் எருமைகளும் நிறைந்திருந்த வட்டாரம். அந்தப் பெயர் மருத்துவமனைக்கும் ஒட்டிக்கொண்டது.

1924ல் அது இலவச மகப்பேற்று மருத்துவமனையானது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரு நாளைக்குச் சராசரி 109 குழந்தைகள்! உலகிலேயே ஒரே மருத்துவமனையில் இவ்வளவு பிரசவங்களா என்று கின்னஸ் சாதனைப் புத்தகமே வியந்து பதிவு செய்தது. 1997ல் சாலைக்கு மறுபுறம் இப்போதுள்ள கட்டடத்துக்கு மருத்துவமனை இடம் மாறியது. ஹேம்ப்ஷியர் ரோட்டில் உள்ள பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்குகிறது. இதைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர், ஏன், உங்கள் பெற்றோரும்கூட அந்தக் கூரையின்கீழ் முதல் மூச்சு விட்டிருப்பார்கள்.

2009 ஜூன் மாதம் அந்தக் கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஓர் ஆய்வு தொடங்கியது. அதன் பெயர் 'கஸ்டோ'. சிங்கப்பூரில் வளர்ந்து நல்ல உடல்நலத்தை எட்டுவது என்ற பொருள்கொண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம். பேராசிரியர் சோங் யாப் செங் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் கைகோத்தன. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருந்த பெண்களை, சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று இனங்களிலிருந்தும் சேர்த்தார்கள். 1,200க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் இந்தியத் தாய்மார்கள். நம் மக்கள்தொகை விகிதத்தைவிட அது கூடுதல்.

அந்தப் பெண்களிடம் கேட்கப்பட்டது சின்ன உதவி அல்ல. கர்ப்ப காலத்தில் இரத்தம் கொடுக்க வேண்டும். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்று சொல்ல வேண்டும். பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தையும் திசுவையும் எடுக்கச் சம்மதிக்க வேண்டும். சிலர் பிறந்து சில நாள்களே ஆன பிள்ளையை எம்ஆர்ஐ படம் எடுக்கக் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகும் ஆண்டுக்கணக்கில் வந்துபோக வேண்டும். அன்று வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ஆய்வு இன்னும் தொடர்கிறது.

நம் உடம்பைப் பற்றிய கணக்கு

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, வெளிநாட்டில் செய்த ஆய்வுகளைப் பார்த்தாலே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அதற்குக் காரணம் நம் உடம்பு.

இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர், ஹார்ட்பர்ட்ஷியர் வட்டாரத்துத் தாதியர் பல பத்தாண்டுகளுக்கு முன்பு பேரேட்டில் எழுதிவைத்த பிறப்பு எடைகளைத் தேடி எடுத்தார். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள் பெரியவர்களான பிறகு மாரடைப்பால் இறப்பது அதிகமாக இருந்ததை 1989ல் வெளியிட்டார். பிற்கால நோயின் விதை கருப்பையிலேயே விழுகிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

அந்தக் கேள்வியைப் புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் நம் பக்கம் திருப்பினார். 1993ல் புனேக்கு அருகில் உள்ள கிராமத்துத் தாய்மாரை வைத்து அவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார. அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. புனே குழந்தைகள் நறுங்கிப்போய்த் தெரிந்தார்கள். ஆனால் அளந்து பார்த்தால் குறைந்திருந்தது தசையும் உள்ளுறுப்புகளும்தான். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. "ஒல்லியான குண்டுக் குழந்தை" என்று வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு அந்தக் கண்டுபிடிப்பு பிரபலமானது.

பிறந்த குழந்தைகளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த கஸ்டோ ஆய்விலும், வயிற்றுப் பகுதியில் கொழுப்பு தங்கும் விதம் இனத்துக்கு இனம் வேறுபடுவது தெரிந்தது. ஒரே எடை, ஒரே உயரம் உள்ள ஐரோப்பியரைவிட ஆசியரின் உடம்பில் கொழுப்பு அதிகம் என்பதால்தான், 2005லேயே சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீட்டின் எச்சரிக்கை எல்லையை 25லிருந்து 23க்குக் குறைத்தார்கள். "நான் ஒல்லிதான், எனக்கென்ன சர்க்கரை வரப்போகிறது" என்று நம்மவர்கள் சொல்லும்போது மருத்துவர்கள் தலையாட்டாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு செய்தி என்னை யோசிக்க வைத்தது. கர்ப்பிணிகளின் சர்க்கரை எந்த அளவைத் தாண்டினால் பிள்ளைக்கு ஆபத்து என்று அறிய 2000களில் உலக அளவில் மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 9 நாடுகளில் 15 மையங்கள், 23,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள். முடிவு 2008ல் வந்தது. இன்று உலகம் முழுதும் பயன்படும் அளவுகோல்களுக்கு அடிப்படை அதுதான். அதில் சிங்கப்பூர் இருந்தது. இந்தியா இல்லை. உலகிலேயே அதிகமான கர்ப்பிணிகள் உள்ள நாடுகளில் ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை! நம் உடம்பைப் பற்றி நாமே எண்ணாவிட்டால், நம் அளவை வேறு யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஐவரில் ஒருவர்

சரி, கஸ்டோ எண்ணிப் பார்த்ததில் என்ன தெரிந்தது?

26 முதல் 28 வாரக் கர்ப்பத்தில், அபாயம் உள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லாருக்கும் குளுக்கோஸ் சோதனை செய்தார்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. மலாய்த் தாய்மாரைவிட சீன, இந்தியத் தாய்மாரிடம் அது கூடுதலாக இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் எடை அதிகம் உள்ளவர், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர், முன்பு பெரிய குழந்தை பெற்றவர் என்று ஒரு பட்டியல் வைத்து, அதில் வருபவர்களுக்கு மட்டுமே சோதனை செய்வது வழக்கம். அந்தப் பழைய பட்டியலை மட்டும் நம்பியிருந்தால், கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள் என்று 2014ல் வெளியான கஸ்டோ கட்டுரை சொன்னது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை செய்யும் வழக்கம் நம் பொது மருத்துவமனைகளில் வந்தது அதன் பிறகுதான். இன்று 28 வார வயிற்றோடு வெறும் வயிற்றில் வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொரு பெண்ணும் அந்த 1,200 பேருக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்.

இதே முடிவுக்குத் தமிழ்நாடு வேறு வழியில் முன்பே வந்துவிட்டது. சென்னையில் மருத்துவர் வீ. சேஷையாவும் அவருடைய குழுவினரும் 12,000 கர்ப்பிணிகளுக்கு மேல் சோதித்து 2008ல் முடிவை வெளியிட்டார்கள். நகரத்தில் 17.8 விழுக்காடு, சிறு நகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9. வயலில் வேலை செய்யும் பெண்களிலும் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை!

கிராமத்திலிருந்து பேருந்து ஏறி வரும் கர்ப்பிணியிடம் "சாப்பிடாமல் மறுபடி நாளை வா" என்று சொன்னால் அவர் வரப்போவதில்லை என்பது சேஷையாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கும் எளிய முறையை அவர் பரப்பினார். இந்தியாவில் அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. சோதனை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பெண்ணால் வந்துபோக முடிவதாகவும் இருக்க வேண்டும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். இந்த விஷயம் நமக்குப் பிறகு தேவைப்படும்.

தீபாவளிக்கு முந்திய இரவு

இப்போது அந்த நேயரின் கேள்விக்கு வருவோம். குழந்தை பிறந்ததும் சர்க்கரை போய்விடுமா?

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக இயற்கை செய்யும் ஏற்பாடு அது. ஈடுகட்டுவதற்குத் தாயின் கணையம் வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேலாக இன்சுலின் சுரக்க வேண்டும். பெரும்பாலான பெண்களின் கணையம் அதைச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகாது, சர்க்கரை போகும். ஆகவே பிள்ளையின் குட்டிக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. பிள்ளை பெருக்கிறது. பிரசவம் சிரமமாகலாம். பிறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியே வந்துவிடுகிறது. ஹார்மோன்கள் அடங்குகின்றன. பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரையும் இறங்கிவிடுகிறது. "போயிடுச்சு" என்று வீட்டில் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆனால் தீபாவளிக்கு முந்திய இரவில் தேக்காவைப் பார்த்திருப்பீர்கள். மற்ற நாளில் ஒரு துணிக்கடைக்கு இரண்டு ஆள் போதும். அன்றிரவு எட்டுப் பேர் நின்றாலும் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். கூட்டமெல்லாம் கலைந்து, மறுநாள் கடை வெறிச்சோடும்போது இரண்டு ஆளே போதும் என்று தோன்றும். அதற்காக, முந்திய இரவு தெரிந்த ஆள் பற்றாக்குறை இல்லை என்று ஆகிவிடாது. கர்ப்பம் கணையத்துக்கு அப்படி ஓர் இரவு. அன்று தடுமாறிய கணையம், வயதும் எடையும் கூடக்கூட மறுபடியும் தடுமாறலாம்.

எவ்வளவு தூரம்? கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2009ல் லான்செட் மருத்துவ இதழ் சொன்னது. 2020ல் பிஎம்ஜே இதழில் வந்த இன்னொரு தொகுப்பு அதை ஏறத்தாழ பத்து மடங்கு என்றது. கஸ்டோவில் தாய்மார்களை ஐந்தாண்டுவாக்கில் மறுபடி சோதித்தபோது, கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தவர்களில் ஐவரில் இருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ வந்திருந்தது. பிள்ளை பாலர் பள்ளியில் இருக்கும்போதே அம்மாவுக்கு! 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, மூன்று இனங்களிலும் நாமே முதலிடம். அதில் எத்தனை பேருக்கு முதல் எச்சரிக்கை பிரசவ வார்டிலேயே வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை வந்துவிட்டது என்பது அந்தப் பெண்ணின் குற்றம் அல்ல. "நாக்கைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா?" என்று கேட்கும் உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்தில் எட்டுப் பங்கு அவர் கட்டுப்பாட்டில் இல்லாத உடலமைப்பும் பரம்பரையும் நஞ்சுக்கொடியும் என்றெல்லாம் நான் கணக்குச் சொல்ல வரவில்லை. ஒரே மாதிரி சாப்பிட்ட அக்காவுக்கு வராமல் தங்கைக்கு வருவதை நாமே பார்க்கிறோம், அது போதும்.

பத்தியம் முடியும் நாளில்

இதற்கு மருத்துவம் வைத்திருக்கும் வழி எளிது. குழந்தை பிறந்த 6 முதல் 12 வாரத்துக்குள் அதே குளுக்கோஸ் சோதனையை ஒரு முறை செய்ய வேண்டும். எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேர அளவு 7.8க்குக் கீழே இருந்தால் நல்லது. 7.8லிருந்து 11.0 வரை என்றால் எச்சரிக்கை. 11.1 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. முடிவு நல்லதாக வந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத எளிதாக இருக்கிறது. செய்வது யார்? ஆறாவது வாரத்தில் ஒரு தாய் எப்படி இருப்பார் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்கிறார். தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கி மாதமாகிவிட்டது. இந்த நிலையில் வெறும் வயிற்றில் கிளம்பி, கைக்குழந்தையோடு மருந்தகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார் என்றால்? அந்த நேயர் போகாததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளை யாரும் மறப்பதில்லை, வீடே சேர்ந்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அம்மாவின் சோதனை அம்மாவின் தலையில் மட்டும் இருக்கிறது. அது முதலில் நழுவத்தான் செய்யும்.

இங்கேதான் நம் பத்தியம் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் மூன்று இனத்தவரிடமும் பிள்ளை பெற்றவளுக்கென்று தனிச் சாப்பாடும் ஓய்வும் உண்டு. கஸ்டோ ஆய்வாளர்கள் பிரசவமாகி மூன்றாம் வாரத்தில் தாய்மார்களிடம் அவர்கள் சாப்பிட்டதைக் கேட்டறிந்து, அதையும் ஓர் ஆய்வுக் கட்டுரையாக்கியிருக்கிறார்கள். நம் வீடுகளில் அது நாற்பது நாள். ஆறு வாரம் என்றால் 42 நாள். அதாவது மருத்துவர் சோதனைக்கு வரச் சொல்லும் நாளும், பத்தியம் முடிந்து தலைக்கு ஊற்றி அவளை வெளியே அனுப்பும் நாளும் ஏறத்தாழ ஒன்றேதான். பாட்டியின் நாள்காட்டியும் மருத்துவரின் நாள்காட்டியும் இவ்வளவு பொருந்திப்போவது அபூர்வம். இதை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டாமா?

நாற்பதாம் நாளுக்கு நாம் என்னென்னவோ திட்டமிடுகிறோம். யார் வருவார்கள், என்ன சமைப்பது, எந்தக் கோயிலுக்கு முதலில் தூக்கிக்கொண்டு போவது. அந்தப் பட்டியலில் அம்மாவின் குளுக்கோஸ் சோதனையையும் எழுதிவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போதே தேதியை வாங்கிவந்துவிட்டால் இன்னும் நல்லது. அன்று காலை பாட்டியோ அத்தையோ கூடப் போகட்டும். பசியாறிவிட்டுப் போகிறவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும், பசியோடு இருப்பவர் சற்று சாய்ந்து உட்காரட்டும்.

புதிதாக அப்பா ஆனவர்களுக்கும் ஒரு சொல். 2025 ஏப்ரல் முதல் தகுதிபெறும் தந்தையருக்கு அரசாங்கம் சம்பளம் வழங்கும் மகப்பேற்று விடுப்பு நான்கு வாரம். அதையெல்லாம் முதல் மாதத்திலேயே எடுத்துத் தீர்த்துவிடாமல், முதலாளியோடு பேசி ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள். மனைவிக்கு வாங்கித்தரும் எந்தப் பரிசையும்விட அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு உதவும்.

சமையலறைக்கும் இதில் பங்கு உண்டு. தாய்ப்பால் கொடுத்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வருவது குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் ஊற வேண்டும் என்று பூண்டையும் பால்சுறாவையும் தேடிப் போன நம் பாட்டிமார், இன்னொரு நல்லதையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள். ஆனால் லேகியத்தில் கருப்பட்டியோ வெல்லமோ இருக்கிறது. தாய்க்கு கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரையோ உணவு வல்லுநரையோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஈசூன் பாட்டி!

இன்னும் முடியாத கதை

ஆய்வு என்றால் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கஸ்டோவுக்குப் பிறகு 2015ல், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களைச் சேர்த்து இன்னோர் ஆய்வு சிங்கப்பூரில் தொடங்கியது. அதே காலத்தில் சிங்கப்பூர், இங்கிலாந்து, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து, 1,729 பெண்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஒரு சத்துப் பானம் கொடுத்துப் பார்த்தன. கர்ப்பகாலச் சர்க்கரையை அது குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2021ல் முடிவு வந்தது. சர்க்கரை குறையவில்லை. அதை அப்படியே வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் பானம் குடித்தவர்களிடம் குறைமாதப் பிரசவம் குறைந்திருந்தது, அது யாரும் முதன்மையாகத் தேடிப் போகாத ஒரு நன்மை. அது உறுதிதானா என்று இனிமேல்தான் ஆராய வேண்டும். மருந்துப் பொடி விற்பவர்களிடம் இந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது.

இதில் ஈடுபடும் பெண்களுக்குப் பெரும்பாலும் தனிப்பட்ட லாபம் எதுவும் இல்லை. அவர்கள் கொடுத்த இரத்தத்தின் பயன் அவர்களுக்குப் பின் கருவுற்றவர்களுக்குத்தான் போனது. நாளைக்கு உங்களிடமோ உங்கள் மகளிடமோ ஒரு தாதி வந்து, "ஓர் ஆய்வு இருக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கேட்டால், "நம்மை வைத்து சோதித்துப் பார்க்கிறார்கள்" என்று உடனே கையை உதறிவிடாதீர்கள். என்ன எடுப்பார்கள், எதற்கு, வேண்டாம் என்றால் இடையில் விலகலாமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மக்கள்தொகையில் பத்தில் ஒருவருக்கும் குறைவான நாம் ஒதுங்கிப்போனால், அந்த ஆய்வின் முடிவில் நம்மைப் பற்றி எழுத எதுவும் இருக்காது.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்து, பிறகு சோதனைக்குப் போகாமல் விட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் பிள்ளைக்கு இரண்டு வயதோ பன்னிரண்டு வயதோ ஆகியிருக்கலாம். தாமதமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த வாரம் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போய், "எனக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தது" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்தால், அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு, அன்று காலை பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.